கள்ளிப்பூச்சியும் களவாணிகளும்

பப்பாளி இலையின் அடியிலும் செம்பருத்திக் காம்பிலும் வெள்ளையாக அப்பிக் கிடக்கும் மாவுப்பூச்சியை அறியாத தோட்டக்காரர் இருக்க முடியாது. அதன் தூரத்து உறவு ஒன்று மெக்சிகோவின் கள்ளிகளில் குடியிருக்கிறது. பெயர் கொச்சினீல். முட்டையிலிருந்து வந்த குஞ்சு கொஞ்ச காலம் ஊர்ந்து திரியும். காற்று தூக்கிப் போனால் பக்கத்துக் கள்ளியில் போய் விழும். பெண் குஞ்சு தோதான இடம் பார்த்து, ஊசி வாயை மடலுக்குள் இறக்கிவிட்டால் அதோடு சரி. சாகும்வரை அதே இடம்தான். சிறகு முளைக்காது. ஆணுக்குச் சிறகு உண்டு, ஆனால் தின்ன வாய் கிடையாது. சில நாள் பறந்து, இணைசேர்ந்து, செத்துப்போகும்.

ஆக, பெண் பூச்சியால் ஓட முடியாது. கடிக்கவும் கொட்டவும் தெரியாது. ஒளிய இடுக்கும் இல்லை. எறும்பு சாரை சாரையாகத் திரியும் வெட்டவெளியில் மூன்று மாத காலம் உட்கார்ந்த இடத்திலேயே உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதனிடம் இரண்டே சரக்கு. ஒன்று, உடம்பிலிருந்து சுரந்து மேலே போர்த்திக்கொள்ளும் வெள்ளை மெழுகு. அது வெயிலில் உடம்பு வற்றாமலும் மழையில் நனையாமலும் காக்கும். இன்னொன்று உள்ளே இருக்கிறது. மெழுகை நகத்தால் வழித்துவிட்டு அந்த உருண்டையை விரல்களுக்கிடையில் நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு பிதுங்கி, கைரேகைகளுக்குள் இறங்கிவிடும். கார்மினிக் அமிலம் என்பது அதன் பெயர். உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். உடம்பில் இவ்வளவு பெரிய பங்கை ஒரே பொருளுக்குச் செலவழிக்கும் பூச்சிக்கு அதனால் என்ன ஆதாயம் என்று, அதை விற்றுப் பணம் பார்த்தவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குச் சிவப்பு கிடைத்தால் போதும்.

தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் மிக்ஸ்டெக், சபோடெக் மக்கள் ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பூச்சியை வளர்த்தார்கள். அஸ்டெக் பேரரசுக்கு அவர்கள் மூட்டை கட்டிக் கப்பம் செலுத்தியது மென்டோசா சுவடியில் படமாகவே இருக்கிறது. காட்டில் கிடைத்ததைப் பொறுக்கியது மட்டுமல்ல, ஆடு மாடு பழக்கியதுபோல் பூச்சியையும் அவர்கள் பழக்கினார்கள். சாயம் மிகுந்ததையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காட்டுப் பூச்சியைவிடப் பெரியதும் சாயம் கூடியதுமான ஒரு வளர்ப்பினம் உருவானது. அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. காட்டுப் பூச்சியின் மேல் பஞ்சு பஞ்சாகத் திரண்டிருக்கும் மெழுகு வளர்ப்புப் பூச்சியின் மேல் வெறும் மாவாக மெலிந்துபோனது. நல்ல மழை ஒன்று பெய்தால், ஓர் இரவு பனி கொட்டினால் அது தாங்காது.

கைவிட்டுப்போன அந்தக் காவலை விவசாயி தன் தலையில் ஏற்றிக்கொண்டார். மழைக்காலத்துக்கு முன் பூச்சி ஒட்டிய மடல்களை வெட்டிக் கூரைக்கடியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். மழை விட்டதும் தாய்ப்பூச்சிகளைச் சிறு நார்க்கூடுகளில் இட்டு, முள்ளால் மடலில் குத்தி வைப்பார்கள். குஞ்சுகள் வெளியேறி மடலில் பரவும். கோழியையும் ஓணானையும் விரட்ட வேண்டும், கள்ளியைச் சுத்தமாக வைக்க வேண்டும், மற்றப் பூச்சிகளைக் கையால் பொறுக்கிப் போட வேண்டும். ஹோசே அந்தோனியோ தே அல்சாத்தே என்ற மெக்சிகோ அறிஞர் 1777இல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதிய குறிப்பேட்டில், ஒருவர் மான்வாலைத் தூரிகையாகப் பிடித்து மடலிலிருந்து பூச்சிகளைக் கூட்டி எடுக்கும் படம் இருக்கிறது. எடுத்ததைச் சுடுநீரில் முக்கியோ அடுப்புச் சூட்டிலோ வெயிலிலோ கொன்று காயவைப்பார்கள். ஒரு பவுண்டு சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

1521இல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியருக்குத் தங்கமும் வெள்ளியும்தான் முதலில் கண்ணில் பட்டன. சந்தையில் குவிந்திருந்த சாம்பல்நிற மணிகளின் மதிப்பு புரியச் சில பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ஐரோப்பாவின் உயர்ந்த சிவப்பு, ஓக் மரத்தில் வாழும் கெர்மிஸ் என்ற இன்னொரு செதில்பூச்சியிலிருந்து வந்தது. கொச்சினீல் அதைவிடப் பன்மடங்கு அடர்த்தி. மெக்சிகோவிலிருந்து போன ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வஹாக்காவில் பதிவான விளைச்சல் 1774இல் 15 லட்சம் பவுண்டைத் தாண்டியது. முன்பணம் கொடுத்து, சரக்கை மலிவு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்ட மாவட்ட அதிகாரிகளின் பிடியில்தான் பெரும்பாலான வளர்ப்பாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

உயிருள்ள பூச்சி வெளியே போகாமல் ஸ்பெயின் காவல் போட்டது. காய்ந்த சரக்கை மட்டுமே பார்த்த ஐரோப்பியர்கள் அது விதையா, பழமா, புழுவா என்று 150 ஆண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நுண்ணோக்கியால் உலகையே வியக்கவைத்த லேவன்ஹூக்கூட முதலில் விதை என்றே நினைத்தார். பிறகு கூர்ந்து பார்த்துத் திருத்திக்கொண்டார். இதன் உச்சம் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. மெல்கியோர் தே ரூஷர் என்பவர் இது பூச்சிதான் என்று நண்பரிடம் பந்தயம் கட்டி, வஹாக்கா வளர்ப்பாளர்களிடம் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்க ஏற்பாடு செய்து, அதை 1729இல் புத்தகமாகவே வெளியிட்டார். ஒரு பூச்சி பூச்சிதான் என்பதற்குச் சாட்சி விசாரணை நடந்த வழக்கு வேறேதும் இருக்குமா, சந்தேகம்தான்.

இதற்கிடையில் சாயப்பட்டறைகளில் ஒரு மாற்றம். படிகாரத்தோடு சேர்த்தால் கொச்சினீல் ஆழ்ந்த கருஞ்சிவப்பைத் தரும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த டச்சுக்காரர் கார்னேலிஸ் ட்ரெபெல், அமிலத்தில் கரைந்த வெள்ளீயம் கலந்தால் அதே சாயம் சுடர்விடும் சிவப்பாக மாறுவதைக் கண்டார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் செங்கோட்டு இந்தச் சிவப்புதான். சாதாரணச் சிப்பாய்க்கு மலிவான மஞ்சிட்டி வேர்ச் சாயம். அந்த நிறத்துக்காக ஸ்பெயினுக்குப் பணம் அழுவது லண்டனுக்கும் பாரிஸுக்கும் பிடிக்கவில்லை. களவு தொடங்கியது.

முதல் பெரிய களவாணி பிரெஞ்சுத் தாவரவியலர் தியெரி தே மெனோன்வில். 1777இல் கரீபியத் தீவிலிருந்து வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கினார். அதிகாரிகள் சந்தேகப்பட்டு அடுத்த கப்பலில் கிளம்பச் சொன்னதும், இரவோடிரவாக நழுவி வஹாக்காவுக்கு நடையைக் கட்டினார். கீல்வாதத்துக்குக் களிம்பு செய்ய வேண்டும் என்று சொல்லிப் பூச்சி ஒட்டிய மடல்களை விலைக்கு வாங்கி, பெட்டிகளில் மற்றச் செடிகளுக்கு அடியில் மறைத்துக் கடத்தினார். கிளம்பிய இடமான சான்-டொமிங்குவில் தோட்டமும் போட்டார். 1780இல் அவர் இறந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வளர்ப்பினம் கொஞ்ச நாளில் அழிந்தது. பஞ்சுப் போர்வை போர்த்திய காட்டுப் பூச்சி மட்டும் தாக்குப்பிடித்தது. இந்தப் பூச்சியின் வரலாறு முழுக்க இதே கதைதான் வெவ்வேறு ஊரில் நடக்கிறது. பெட்டியில் பூச்சியைத் தூக்கி வரலாம். அதன் மெழுகுக்குப் பதிலாக நின்ற வஹாக்காக்காரரின் கைப்பழக்கத்தைத் தூக்கி வர முடியாது.

சென்னையிலும் அது நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், கடலோரப் புல்லில் வெண்பூச்சிகளைப் பார்த்துவிட்டுக் கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று 1786இல் லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அது வேறு பூச்சி. ஆனால் ஆசை அடங்கவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைந்தது. ஆண்டர்சனின் சகோதரி மகன் ஆண்ட்ரூ பெரி மேற்பார்வையாளர். கள்ளி தழைத்தது, பூச்சியைத்தான் காணோம். சும்மா கிடந்த கள்ளிமடலைக் கப்பலோட்டிகளின் ஸ்கர்வி நோய்க்குக் கீரையாகக் கொடுக்கலாம் என்றுகூட ஆண்டர்சன் யோசனை சொன்னார். சாயவேரால் உலகத்துக்கே சிவப்புத் துணி அனுப்பிக்கொண்டிருந்த சோழமண்டலக் கரையில் உட்கார்ந்து அவர் மெக்சிகோவின் சிவப்புக்கு ஏங்கியதைப் பார்த்தால் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனீரோவில் கள்ளியோடு பூச்சிகளை எடுத்து வந்து கல்கத்தாவில் சேர்த்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. கம்பெனிக்குக் கொண்டாட்டம். ஆனால் வந்தது வளர்ப்பினம் அல்ல, தென் அமெரிக்கக் காட்டினம். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பஞ்சுப் போர்வைக்காரன், சாயம் மட்டம். சரக்கு விலைபோகவில்லை. 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டம் மூடப்பட்டது. பூச்சி மூடிக்கொள்ளவில்லை, வட இந்தியாவில் ஓரினக் கள்ளியைத் தின்றே தீர்த்தது.

தின்று தீர்ப்பதே ஒரு பயன் என்பது மெல்ல உறைத்தது. 1860களில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே விட்டார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிவிட்ட முதல் முயற்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டு வேலிகளிலும் தரிசுகளிலும் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளி வேறினம். அந்தப் பூச்சி அதைத் தொடாது. அதற்குப் பொருந்திய வட அமெரிக்கப் பூச்சி 1926இல் இலங்கையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளி நீங்கிச் சாகுபடிக்குத் திரும்பியது. (சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்ற பிள்ளைகளின் நாக்கைச் சிவக்க வைப்பது பீட்ரூட்டில் உள்ள வகைச் சாயம். பூச்சியின் சிவப்பு பழத்திலிருந்து வருவதல்ல, அது தானே தயாரிப்பது.)

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1788இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் பிரிட்டிஷ் கப்பற்கூட்டமும் வழியில் பிரேசிலில் கள்ளியும் பூச்சியும் ஏற்றிக்கொண்டது. சாயத் தொழில் அங்கே வேரூன்றவில்லை. வளர்ப்பினம் உண்மையில் நிலைத்த இடம் கேனரித் தீவுகள். 1820களில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்கள் நோயில் நொடித்தபோது தீவுவாசிகள் மொத்தமாகக் கள்ளிக்கு மாறினார்கள். ஸ்பானிய ஆட்சியும், மழை குறைந்த வெயிலும், வேலைக்கு ஆளும் ஒருங்கே இருந்த இடம். 1869இல் ஏற்றுமதி 60 லட்சம் பவுண்டை எட்டியது. ஆனால் 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞன் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்திருந்தான். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்த செயற்கைச் சிவப்புகள் கொச்சினீலின் விலையை 1870களில் தரைமட்டமாக்கின.

வியாபாரம் படுத்து நூறாண்டு கழித்துத்தான், சிவப்பு எதற்கு என்ற கேள்வியை ஒருவர் ஒழுங்காகக் கேட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர். அவரும் கூட்டாளிகளும் செய்த சோதனை எளிமையானது. சர்க்கரைக் கரைசலில் கார்மினிக் அமிலத்தைக் கலந்து எறும்புக்கு வைத்தார்கள். வெறும் சர்க்கரையை மொய்த்த எறும்புகள் அதைச் சீண்டவில்லை. 1980இல் முடிவு வெளியானது. மன்னர்களும் கர்தினால்களும் அங்கியில் பூசிக்கொண்டது எறும்பு விரட்டும் மருந்து.

அதைவிடச் சுவையானது அவர்கள் கண்ட இன்னொரு செய்தி. எல்லாப் பகைவரும் இந்த மருந்துக்கு அஞ்சுவதில்லை. லேட்டிலியா என்ற அந்துப்பூச்சியின் புழு கொச்சினீலைத் தின்றே வளர்கிறது. சிவப்பு அதற்கு ஒன்றும் செய்வதில்லை; அதை முன்குடலில் தேக்கி வைத்துக்கொண்டு, எறும்பு கடிக்க வந்தால் அதன் முகத்தில் கக்குகிறது. ஹைபராஸ்பிஸ் என்ற பொறிவண்டின் இளம்புழு சாயத்தை இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு, தொந்தரவு செய்தால் இரத்தத்தையே துளித்துளியாகக் கசியவிடுகிறது. லூக்கோபிஸ் என்ற ஈயின் புழுவுக்கு அது பின்வழிக் கழிவோடு வெளியேறும் தற்காப்பு. பாரிஸும் லண்டனும் படாதபாடு பட்டும் முடியாத களவை இவை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

கொச்சினீல் இன்று மீண்டும் சந்தையில் இருக்கிறது. செயற்கைச் சாயங்களின்மேல் சந்தேகம் கிளம்பியபின் இ120 என்ற எண்ணோடு தயிரிலும் மிட்டாயிலும் உதட்டுச் சாயத்திலும் ஏறியது. பெரும்பகுதி பெருவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 2011 முதல் பொட்டலத்தின் மேல் பெயர் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களை முன்னிட்டு வந்த விதி அது.

தமிழ்நாட்டின் சப்பாத்திக்கள்ளியை ஒழித்த அதே வட அமெரிக்கப் பூச்சி இப்போது மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்திருக்கிறது. மொராக்கோவில் அது வேண்டாத விருந்தாளி. அங்கே கள்ளிப்பழம் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கால்நடைக்கும் கள்ளியே தீவனம். 2014இல் அங்கே கண்டறியப்பட்ட பூச்சி சில ஆண்டுகளில் ஊர் ஊராகத் தோட்டங்களைக் கருக்கியது. மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடுவதில்லை என்பதால் தெளிப்புக்கும் முழுப் பலன் இல்லை. பாதித்த மடல்களை வெட்டிப் புதைத்தார்கள், பூச்சி அண்டாத கள்ளி ரகங்களைத் தேடிப் பிடித்து நட்டார்கள். இதே பூச்சி தாக்கிய இஸ்ரேல் மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பியது. அங்கிருந்து கொண்டுவந்து வெளியில் விடப்பட்டவை, சிவப்பைக் கண்டு அஞ்சாத அந்த ஹைபராஸ்பிஸ் பொறிவண்டும் ஒரு லூக்கோபிஸ் ஈயும்.