பதவி போன பின்னும் போகாத செல்வாக்கு: ராஜாஜியின் மதுவிலக்கும் கள்ளக்குறிச்சியின் கண்ணீரும்

ஆட்சியில் இருக்கும்போது ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதை நாற்காலிக்கா, ஆளுக்கா என்பது அவர் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகே தெரியும். பெரும்பாலானோர் மறக்கப்பட்டு விடுகிறார்கள். சிலர் மட்டும் இறங்கிய பின்னும் நாட்டின் போக்கைத் தீர்மானித்துக் கொண்டே இருக்கிறார்கள்.

தாய்லாந்தின் தக்சின் ஷினவத்ரா அண்மைக் காலத்தின் பிரபலமான உதாரணம். 2001-இல் பிரதமரான அவரை 2006 செப்டம்பர் 19 அன்று ராணுவம் அகற்றியது. அவர் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய தங்கை யிங்லக் 2011-இல் பிரதமரானார். 2023 ஆகஸ்டில் தக்சின் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு மகள் பேதோங்தார்ன் பிரதமரானார்; 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரையும் பதவி நீக்கியது. தக்சின் ஆட்சியில்தான் 2004 அக்டோபர் 25 அன்று தென் தாய்லாந்தின் தக்பாய் நகரில் முஸ்லிம்கள் கைது செய்யப்பட்டு, ராணுவ லாரிகளில் அடுக்கப்பட்டு, 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். சரியாக 20 ஆண்டுகள் கழித்து, மகளின் ஆட்சியில், எவரும் தண்டிக்கப்படாமலேயே அந்த வழக்கு காலாவதியானது. குடும்பத்தின் வழியாகத் தொடரும் செல்வாக்கு இப்படித்தான் இருக்கும்.

வேறொரு வகைச் செல்வாக்கும் உண்டு. அது வாரிசுகள் வழியாக அல்ல, சட்டங்கள் வழியாகவும் கூட்டணிகள் வழியாகவும் தொடர்வது. அதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. அவர் சக்ரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்கிற ராஜாஜி. கல்வராயன் மலையையும் கள்ளக்குறிச்சியையும் பற்றி இன்று பேசுகிறவர்கள் அவரைத் தொடாமல் பேச முடியாது.

சேலத்தில் தொடங்கியது

ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் வேலையோடு மதுவிலக்குப் பிரச்சாரமும் அங்கே நடந்தது. அதற்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை 1929-இல் தொடங்கப்பட்டது. எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். குடியால் சிதைந்த கிராமத்துக் குடும்பங்களை அவர் நேரில் கண்டிருந்தார்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அன்று முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள்). மூன்றே மாதங்களில், 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. கள்ளக்குறிச்சி அன்று தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்ததால் அந்த வரிசையில் வரவில்லை. கல்வராயன் மலைத்தொடரோ இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கிறது: ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் தென் ஆற்காடு. மாவட்டம் மாவட்டமாக மதுவை ஒழிப்பதில் உள்ள சிக்கலை இந்த மலையின் அமைப்பே காட்டுகிறது. எல்லைக்கு ஒரு பக்கம் குற்றமாக இருப்பது மறுபக்கம் வியாபாரமாக இருக்கும்.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. உலகப் போர்க் காலத்தில் ஆங்கில அரசு மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணம் முழுவதற்கும் ஆனது. தொடங்கியவர் அப்போது மாகாண ஆட்சியில் இல்லை. ஆனால் அவருடைய சட்டம் இருந்தது.

இன்றும் உயிரோடு இருக்கும் இரண்டு சட்டங்கள்

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி இது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள மதுச் சட்டத்தின் பெயர் 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937'. அதாவது ராஜாஜி கொண்டுவந்த அதே சட்டம். அதை எவரும் ரத்து செய்யவில்லை. திருத்தங்கள் மட்டும் சேர்ந்துகொண்டே வந்தன. எந்தச் சட்டம் மதுவை விலக்க எழுதப்பட்டதோ, அதே சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படிதான் டாஸ்மாக் கடைகளும் நடக்கின்றன. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனத்துக்கு 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் முழுமையாகக் கிடைத்தது. பலகையில் மதுவிலக்கு என்று எழுதிவிட்டு, உள்ளே மது விற்கும் நிலை.

இரண்டாவது, விற்பனை வரி. மதுவிலக்கால் அரசுக்கு இழப்பு வந்தது. அதை ஈடுகட்ட 1939-இல் ராஜாஜி பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மதுப் பணம் வேண்டாம், அதற்குப் பதில் எல்லோரும் வாங்கும் பொருளில் சிறு வரி கொடுங்கள் என்பதே அதன் தத்துவம். அந்த வரி பெருகி, பெயர் மாறி, 2017-இல் ஜிஎஸ்டியில் கலந்தது. இன்று நாம் அரிசிக் கடை முதல் மருந்துக் கடை வரை மறைமுக வரி செலுத்துகிறோம். மதுவோ ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. அதன் மீது மாநில அரசு தனியாக வரி வசூலிக்கிறது. 2023-24-இல் அந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மதுவுக்கு மாற்றாக வந்த வரியும் நின்றது. மதுவும் திரும்பி வந்தது. ராஜாஜியின் வாதத்தில் பாதியை மட்டும் பின்வந்த அரசுகள் எடுத்துக்கொண்டன.

1967-இல் நாம் பங்கெடுத்த கூட்டணி

ராஜாஜியின் எல்லாச் செயல்களையும் நாம் மெச்ச வேண்டியதில்லை. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார். 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று அவர் கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று பெயர் பெற்றது. அந்த எதிர்ப்பில் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். கவர்னர் ஜெனரல் வரை உயர்ந்தவரின் அரசியல் அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

முடியவில்லை. 1959-இல், 80 வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். ஒரு காலத்தில் தாமே திணித்த இந்தியை எதிர்த்தார். 1967 தேர்தலில் தம்மைக் கடுமையாக விமர்சித்து வளர்ந்த தி.மு.க.வோடு கைகோத்தார். அதே அணியில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் தலைமையில் முஸ்லிம் லீக்கும் இருந்தது. தி.மு.க. 137 இடங்களை வென்று, அண்ணா முதலமைச்சரானார். அன்று இறங்கிய காங்கிரஸ் தமிழ்நாட்டில் அதன் பின் ஆட்சி அமைக்கவே இல்லை. கொள்கையால் வேறுபட்ட கட்சிகள் ஒரே அணியாகி ஆட்சியை மாற்ற முடியும் என்ற பாடம் அன்று எழுதப்பட்டது. அந்தப் பாடத்தைத்தான் தமிழ்நாட்டுக் கட்சிகள் ஒவ்வொரு தேர்தலிலும் திருப்பிப் படிக்கின்றன. நம் சமுதாயத்தின் அரசியல் பாதையும் அந்தக் கூட்டணியிலிருந்துதான் தொடங்குகிறது.

மழையில் நடந்த முதியவர்

அண்ணா இருந்தவரை மதுவிலக்கு நீடித்தது. 1971-இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு செய்தது. அப்போது ராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலமைச்சர் மரியாதையோடு வரவேற்றார். ஆனால் 1971 ஆகஸ்ட் 30 அன்று கடைகள் திறக்கப்பட்டன. ஆட்சியை மாற்ற உதவிய பெரியவரின் செல்வாக்கு, கருவூலத்தின் வாசலில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-இல் காயிதே மில்லத்தும், டிசம்பர் 25-இல் ராஜாஜியும் மறைந்தார்கள்.

1974-க்குள் கடைகள் மூடப்பட்டன, 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. அதன் பிறகு எந்த ஆட்சி வந்தாலும் வாக்குறுதி மதுவிலக்கு, நடைமுறை விற்பனை. சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள் 2015-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடையை மூடக் கோரிப் போராடும்போதே உயிரிழந்தார். 2016, 2017, 2023 ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. வருமானம் குறையவில்லை.

கருணாபுரம் கேட்கும் கேள்வி

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தாயையும் தந்தையையும் ஒரே நேரத்தில் இழந்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் குடித்ததில் கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் இந்தத் திரவம் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பையும், பிறகு உயிரையும் பறிக்கிறது. பார்வை மங்கிய பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதற்குள் பலருக்கு நேரம் கடந்துவிடுகிறது.

அதன் பின் எல்லோருடைய பார்வையும் கல்வராயன் மலையின் பக்கம் திரும்பியது. மலையில் ஊறல் அழிப்பு என்ற செய்தி பல ஆண்டுகளாக நாம் படித்துப் பழகியது. அழிப்பார்கள், சில வாரத்தில் மீண்டும் காய்ச்சுவார்கள். அங்குள்ள மலையாளி பழங்குடி மக்களின் சாலை, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கு எடுத்தது. சாவு வழக்கு 2024 நவம்பரில் சிபிஐக்கு மாற்றப்பட்டது. சட்டமன்றம் தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. எந்தச் சட்டத்தைத் திருத்தி? அதே 1937 சட்டத்தை. 87 ஆண்டுகளுக்குப் பின்னும் அரசு கையில் எடுத்தது ராஜாஜியின் ஆயுதத்தைத்தான். ஆனால் அதன் கூர்மை மலையில் காய்ச்சுகிறவன் மீது மட்டும் விழுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று இதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில் பெண்கள் திரண்டு மது ஒழிப்பு மாநாடு நடத்தினார்கள். அவர்கள் கேட்டது கள்ளச் சாராயத்தை மட்டும் அல்ல, நல்லச் சாராயம் என்று எதுவும் இல்லை என்பதையும்தான்.

நம் பங்கு என்ன?

மதுவைத் தடுத்த வரலாற்றில் மதீனாவுக்கு ஈடு இல்லை. அல்குர்ஆன் அதை ஒரே நாளில் தடுக்கவில்லை. அல்பகராவின் 219-ஆம் வசனம் அதன் தீமை பலனைவிடப் பெரியது என்று உணர்த்தியது. அந்நிஸாவின் 43-ஆம் வசனம் போதையோடு தொழுகையை நெருங்காமல் தடுத்தது. அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்கள் முழுமையாக விலக்கின. அறிவிப்பு வந்ததும் ஸஹாபாக்கள் மதுவைத் தெருவில் கொட்டினார்கள். அங்கே உள்ளம் முதலில் மாறியது. சட்டம் பிறகு வந்தது. நம் மாநிலத்தில் சட்டம் மட்டும் வந்தது.

மிம்பரில் ஹராம் என்று சொல்லிவிட்டு இறங்குவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாமும் நினைத்துக்கொள்கிறோம். நம் மஹல்லாக்களிலும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; குடும்பங்கள் மானத்துக்குப் பயந்து மறைக்கின்றன. மறைப்பதால் நோய் முற்றுகிறது. ஜமாஅத்துகள் குடி நோயாளியை ஒதுக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கள்ளச் சாராயம் குறித்துத் தகவல் தர 10581 ஆகிய இலவச எண்கள் உள்ளன. மலையில் மாற்றுப் பிழைப்பு இல்லாதவரை ஊறல் நிற்காது. ஜகாத் போக நாம் செய்யும் பொது உதவிகள் அந்த மலைக் கிராமங்களுக்கும் போகட்டும். அவர்களும் நம் அண்டை வீட்டார்.

தக்சினின் செல்வாக்கு ஒரு குடும்பத்தைப் பிரதமர்களாக்கியது. ராஜாஜியின் செல்வாக்கு ஒரு சட்டத்தை விட்டுச் சென்றது. அந்தச் சட்டத்துக்கு அதன் பெயருக்குரிய பொருள் திரும்பக் கிடைத்தால்தான் கருணாபுரங்கள் மீளும். தீமையைக் கையால் தடுப்பவர்களிலும், இயலாதபோது நாவால் தடுப்பவர்களிலும் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.