பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மான்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ் முதலிய நகரங்களுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பெருக்கத்துக்குக் குடிநீரும் வடிகாலும் ஈடுகொடுக்கவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் ஈரம் கசியும் நிலவறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரே கழிப்பிடத்தைப் பல வீட்டார் பயன்படுத்தினர். மலக்குழிகள் நிரம்பிக் கிணறுகளில் கசிந்தன.

1831இல் சண்டர்லாந்து துறைமுகத்தில் தலைகாட்டிய காலரா, அடுத்த ஆண்டு முடிவதற்குள் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவசரமாக அமைக்கப்பட்ட சுகாதாரக் குழுக்கள் நோய் தணிந்ததும் கலைந்துபோயின.

நிலையான சட்டத்துக்கு வழி திறந்தது வரவுசெலவுக் கணக்கு. ஏழைகளுக்கான நிவாரணத்தைக் கவனித்த ஏழையர் சட்ட ஆணையத்தின் செயலரான எட்வின் சாட்விக், உழைப்பவர் நோயில் இறந்தால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நிவாரண வரிப்பணத்தை நம்ப வேண்டியிருப்பதைக் கண்டார். அவர்களைப் பராமரிப்பதைவிடச் சாக்கடை கட்டுவது மலிவு என்று வாதிட்டார். மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17, கிராமப்புற ரட்லண்டில் 38 என்று அவரது 1842ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. சராசரி இவ்வளவு தாழ்ந்ததற்குக் காரணம், மாண்டவர்களில் மிகப் பலர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள் என்பதே.

காலரா மீண்டும் நெருங்கிய 1848இல் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆயினும் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 23க்கு மேல் இறந்த ஊர்களில் மட்டுமே அரசால் உள்ளூர் சுகாதார வாரியத்தைத் திணிக்க முடிந்தது. மற்ற இடங்களில் வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்க வேண்டியிருந்தது. வரி உயர்வை வெறுத்தவர்களும் தனியார் தண்ணீர் நிறுவனங்களும் கடுமையாக எதிர்த்தனர். அச்சட்டப்படி அமைந்த மத்திய சுகாதார வாரியத்தில் வகித்த பதவியை 1854இல் சாட்விக் இழந்தார்.

அதே ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஒரு தெருக் குழாயின் தண்ணீரே காரணம் என மருத்துவர் ஜான் ஸ்னோ சுட்டிக்காட்டினார். நோய் துர்நாற்றத்தால் வருகிறது என்று நம்பிய அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. அந்தத் தவறான நம்பிக்கையும் நன்மைக்கே வழிவிட்டது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடிக்க, சில வாரங்களில் நிதிக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் அமைத்த பெருஞ்சாக்கடைகள் கழிவை நகரைக் கடந்து ஆற்றின் கீழ்ப்போக்கில் வெகுதூரம் கொண்டுசென்றன. 1866ஆம் ஆண்டுக் காலரா, அப்பணி முடியாதிருந்த கிழக்கு லண்டனைத்தான் பெரிதும் தாக்கியது.

1866ஆம் ஆண்டுச் சட்டம் துப்புரவை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. மறு ஆண்டு நகர்ப்புற ஆண் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதன்பின் வேட்பாளர்களால் அவர்களின் குடியிருப்புகளைப் புறக்கணிக்க முடியவில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டம் குடிநீர், வடிகால், குப்பை அகற்றல், மருத்துவ அலுவலர் நியமனம் ஆகியவற்றை ஒருங்கே வகுத்தது. பர்மிங்காம் மேயர் ஜோசப் சேம்பர்லின் தண்ணீர் நிறுவனத்தை நகராட்சியுடைமையாக்கினார்.

இவற்றுக்குப் பிறகும் நூற்றாண்டின் இறுதிவரை சிசு இறப்பு குறையவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்க்கையில் உடல் தகுதியின்றி ஏராளமான இளைஞர்கள் திருப்பியனுப்பப்பட்டதும் கவனம் உணவின் பக்கம் திரும்பியது. 1906இல் பள்ளி உணவுக்கும் 1907இல் பள்ளி மருத்துவப் பரிசோதனைக்கும் சட்டம் இயற்றப்பட்டது.