‘டிஜிட்டல் கைது’ மோசடி: பறிபோன பணத்தை முடக்கும் 1930 உதவி எண்
சிபிஐ, சுங்கத் துறை அதிகாரிகள் எனக் கூறிக்கொண்டு காணொலி அழைப்பில் மிரட்டி, மணிக்கணக்கில் கேமரா முன்பிருந்து விலகவிடாமல் பணம் பறிப்பதே ‘டிஜிட்டல் கைது’ மோசடி. இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைது நடைமுறையே கிடையாது. பிரதமர் மோடியும் 2024 அக்டோபர் ‘மனதின் குரல்’ உரையில் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார்.

பறிக்கப்படும் பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்காகப் பிறர் வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ வெளியேறுகிறது. எனவே, மோசடியாளரைத் தேடுவதைவிடப் பணத்தைத் தடுப்பதே முதலில் அவசரம். 1930 என்ற எண்ணில் புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிகளுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டு, கணக்கில் எஞ்சியுள்ள தொகை முடக்கப்படுகிறது. வெட்கத்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடியாளருக்கே சாதகம். பரிவர்த்தனை எண், அழைப்பு விவரம், வாட்ஸ்ஆப் உரையாடல் ஆகியவற்றை அழித்துவிடக் கூடாது. புலனாய்வு அவற்றிலிருந்தே தொடங்குகிறது.