மாதிரி டாங்கியும் அதன் துருவும்

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மரவணிகமாகத் தொடங்கிய டாமியா நிறுவனம் 1961இல் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரியை உருவாக்கியபோது, உள்ளே மின்மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்க வேண்டும் என்ற தேவையே அதன் உடலகலத்தை முடிவுசெய்தது. பின்னர் கணக்கிட்டதில் அது அசலில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக அமைந்திருந்தது. தற்செயலாக வாய்த்த இந்த 1/35 விகிதமே பிற நிறுவனங்களும் பின்பற்றும் உலக வழக்காக நிலைபெற்றது என்பது, துல்லியத்தைத் தெய்வமாகப் போற்றும் இக்கலையின் வரலாற்றில் சற்று வேடிக்கையான செய்திதான்.

ஓடும் பொம்மையாக இருந்த டாங்கி காட்சிப்பொருளாக மாறியபின் வண்ணப்பூச்சு முதன்மை பெற்றது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் பரவலாக்கிய முறையில், மிக நீர்த்த அடர்நிறத்தைப் பள்ளங்களில் வழியவிட்டு நிழல் காட்டும் 'வாஷ்' உத்தியும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் வெளிர்நிறத்தை உரசித் தேய்மானம் காட்டும் 'டிரை பிரஷ்' உத்தியும் அடிப்படைகளாயின. எடுப்பாகத் தெரிந்தாலும் இவை எல்லா வண்டிகளுக்கும் ஒரே முதுமையையே தந்தன; 2000களில் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர்கள் முன்னெடுத்த பாணியிலோ, நிறமித் துகள்களையும் எண்ணெய் வண்ணங்களையும் கொண்டு புழுதி, சேறு, துரு, எரிபொருள் கசிவு ஆகியவை தனித்தனியே வேறுபடுத்திக் காட்டப்பட்டதால், வண்டி எந்த நிலத்தில் ஓடியது என்பதையும் பார்வையாளர் ஊகிக்க முடிந்தது.