நியூசிலாந்தில் பேரிடருக்குப் பிந்தைய கட்டடப் பாதுகாப்பு மதிப்பீடு

நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு போன்ற பேரிடர் தாக்கிய பகுதியில் எந்தக் கட்டடத்துக்குள் மக்கள் நுழையலாம், எதற்குள் நுழையக் கூடாது என்பதை விரைந்து கண்டறிந்து, வாசலில் வண்ண அட்டை ஒட்டி அறிவிக்கும் முறை இது. நியூசிலாந்தில் 2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி இது நடைபெறுகிறது. அட்டை ஒட்டுவது உயிர் காக்கும் முதற்கட்ட ஏற்பாடு மட்டுமே. அதன்பின் கட்டடத்தை முழுமையாக ஆராய்வதும் சீர்செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு.

தோற்றம்

அமெரிக்காவின் அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில் 1989இல் வெளியிட்ட ஏடிசி-20 வழிகாட்டியே இம்முறைக்கு அடிப்படை. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவைத் தாக்கிய லோமா பிரீட்டா நிலநடுக்கத்தின்போது பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் பயன்பாட்டுக்கு வந்தன. நியூசிலாந்து நிலநடுக்கப் பொறியியல் சங்கம் பின்னர் இதைத் தன் நாட்டுக்கு ஏற்ப வகுத்தது.

மதிப்பிடும் முறை

விரைவு மதிப்பீடு இரு நிலைகளில் நடைபெறும். முதல் நிலையில் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் கட்டடத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்ப்பார். கட்டடம் சாய்ந்திருக்கிறதா, தூண்களில் விரிசல் உண்டா, கைப்பிடிச்சுவரும் புகைபோக்கியும் உறுதியாக நிற்கின்றனவா, தரை பிளந்திருக்கிறதா, பக்கத்துக் கட்டடம் இதன்மேல் சரியுமா என்று கவனிப்பார். இரண்டாம் நிலையில் உள்ளேயும் சென்று பார்ப்பார். எந்த நிலையிலும் பூச்சைப் பெயர்த்துப் பார்ப்பதில்லை. கட்டமைப்புக் கணக்குகளைச் சரிபார்ப்பதும் இல்லை.

அட்டைகள் மூன்று வகை:

வெள்ளை: கட்டடத்தைப் பயன்படுத்தலாம். சேதம் இல்லை அல்லது சிறிதளவே உள்ளது.

மஞ்சள்: கட்டுப்பாட்டுடன் நுழையலாம். ஒரு பகுதியை மட்டும் தவிர்க்கச் சொல்வது ஒரு வகை. மேற்பார்வையில் சிறிது நேரம் மட்டும் நுழைய அனுமதிப்பது மற்றொரு வகை.

சிவப்பு: நுழையக் கூடாது. கட்டடமே கடுமையாகச் சேதமடைந்திருக்கலாம். அல்லது அருகிலுள்ள கட்டடத்தாலோ மலைச்சரிவாலோ ஆபத்து இருக்கலாம்.

கிறைஸ்ட்சர்ச் தந்த பாடம்

2010 செப்டம்பர் 4 அன்று 7.1 அளவிலான நிலநடுக்கம் கேன்டர்பரி பகுதியைத் தாக்கியது. அதன்பின் கிறைஸ்ட்சர்ச் நகரின் சிடிவி கட்டடத்துக்குப் பச்சை அட்டை கிடைத்தது. அதன் இரண்டாம் நிலை மதிப்பீட்டில் பொறியாளர் யாரும் இடம்பெறவில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று பகல் 12.51க்கு நகரத்தின் அருகிலேயே மீண்டும் நிலம் அதிர்ந்தது. அன்று உயிரிழந்த 185 பேரில் 115 பேர் சிடிவி கட்டடத்தில் இறந்தவர்கள். அக்கட்டடத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்றும், அதற்குக் கட்டட அனுமதி வழங்கியிருக்கவே கூடாது என்றும் கேன்டர்பரி நிலநடுக்க விசாரணை ஆணையம் கண்டறிந்தது. சில நிமிடப் பார்வையில் அகப்படாத குறை அது.

பச்சை அட்டையைப் பலர் ‘பாதுகாப்பானது’ என்னும் சான்றிதழாகவே எடுத்துக்கொண்டனர். இதை உணர்ந்தே பச்சை பின்னர் வெள்ளையாக மாற்றப்பட்டது.

2016 நவம்பர் 14 நள்ளிரவில் நிகழ்ந்த கைகோரா நிலநடுக்கத்தில், வெலிங்டனின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹவுஸ் என்னும் புதிய அலுவலகக் கட்டடத்தில் தளங்களின் பகுதிகள் இடிந்து விழுந்தன. உள்ளே ஆள் இல்லாததால் உயிரிழப்பு நேரவில்லை. அதன்பின் இதுபோன்ற அமைப்புடைய கட்டடங்களில், மறைந்துள்ள இணைப்புகளைத் திறந்து ஆராய்ந்து அறிக்கை தருமாறு உரிமையாளர்களுக்கு நகர மன்றம் உத்தரவிட்டது.

சட்ட அடிப்படை

முன்பு அட்டைகள் 2002ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்பு நெருக்கடி மேலாண்மைச் சட்டத்தைச் சார்ந்திருந்தன. நெருக்கடி நிலை முடிந்ததும் அவற்றின் அதிகாரமும் முடிந்துவிடும். ஆனால் விரிசல் விட்ட சுவர் அப்படியே நிற்கும். இந்த இடைவெளியை அடைக்கக் கட்டடச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. பேரிடர்ப் பகுதியைத் தனியாக அறிவித்து, நெருக்கடி நிலை நீங்கிய பின்னும் கட்டடங்களை மேலாண்மை செய்ய 2019 டிசம்பர் 17 முதல் இத்திருத்தம் வழி செய்கிறது. 2023 ஜனவரியில் ஆக்லாந்தை மூழ்கடித்த வெள்ளத்தின்போதும், அடுத்த மாதம் வீசிய கேப்ரியேல் புயலின்போதும் வீடுகளில் அட்டைகள் ஒட்டப்பட்டன.

உரிமையாளரின் கடமைகள்

அட்டையில் எழுதியுள்ள கட்டுப்பாட்டை மீறுவதும், அட்டையை அனுமதியின்றி அகற்றுவதும் குற்றம். தடுப்பு வேலி அமைக்கவோ, ஆபத்தான பகுதியைத் தாங்கி நிறுத்தவோ, இடித்து அகற்றவோ அதிகாரிகள் உத்தரவிடலாம். அவசரமான வேலையை அவர்களே செய்து முடித்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் முடியும்.

விரிவான சேத ஆய்வுக்குத் தகுதி பெற்ற பொறியாளரை அமர்த்த வேண்டியவர் உரிமையாளர். கட்டடம் பணியிடமாக இருந்தால், 2015ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி ஊழியர்களின் பாதுகாப்புக்கும் அதை நிர்வகிப்போர் பொறுப்பேற்க வேண்டும். வாடகை வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், 1986ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் வாடகையை நிறுத்துகிறது. வீட்டைக் காலி செய்யக் குடியிருப்பவர் 2 நாள் முன்னறிவிப்பும், வீட்டு உரிமையாளர் 7 நாள் முன்னறிவிப்பும் கொடுத்தால் போதும்.

வெள்ளை அட்டை பெற்றவருக்கும் இந்தப் பொறுப்புகளிலிருந்து விலக்கு இல்லை. அடுத்த அதிர்வில் அதே கட்டடம் எப்படி நிற்கும் என்பதற்கு எந்த அட்டையும் உத்தரவாதம் தராது. பொறியாளரின் ஆய்வும் அதன்படி செய்யும் சீரமைப்பும் மட்டுமே உள்ளிருப்பவர்களைக் காக்கும்.