மலையடி சேர்ந்த வழி

மலைவலத்தின் பெருமையைப் பேசுவோர் பலர். அம்மலையின் அடிவாரத்தை அடையும் வழியைப் பேசுவோர் சிலரே. மானாவாரிப் புன்செயும் கண்மாயும் சூழ்ந்த நம் அருப்புக்கோட்டைச் சீமையார்க்கோ அதுவே முதல் வினா.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய திருச்சுழியலில், 1879 டிசம்பர் 30ஆம் நாள், திருவாதிரைத் திருநாளில் தோன்றியவர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றியவர். தந்தையார் மறைந்தபின் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் வளர்ந்தார். 1895இல் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறிய பின்னரே, அது சென்று சேரத்தக்க ஓர் ஊர் என்பதை அவர் அறிந்தார்.

1896 ஆகஸ்டு 29ஆம் நாள் புறப்பட்டார். அண்ணனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென அளிக்கப்பெற்ற ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்துடன் வைத்தார். சம்பளம் கட்டப்படவில்லை என்பதையும் எழுதி வைத்தார். நண்பகல் இரயிலுக்கு நேரம் கடந்துவிட்டது. ஆனால் அன்று வண்டியும் காலந்தாழ்ந்தே வந்தது. அவர் பார்த்த தேசப்படமோ பழையது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் புதிய இருப்புப்பாதை அதில் இல்லை. ஆதலின் திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு வாங்கினார். உடன் வந்த மௌலவி ஒருவரே விழுப்புரத்தில் இறங்கி மாறவேண்டும் என்று உரைத்தார். சைவச் சிறுவனுக்கு அண்ணாமலை வழியைக் காட்டியவர் ஓர் இசுலாமியப் பெரியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

விழுப்புரத்தில் எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரையே சீட்டுக் கிடைத்தது. அங்கிருந்து ஏறத்தாழப் பத்து மைல் நடந்து அறையணிநல்லூரை அடைந்தார். பெண்ணையாற்றங்கரையில் பாறைமேல் அமைந்த அத்தலம், திருஞானசம்பந்தப் பெருமான் அண்ணாமலையைக் கண்டு தொழுத இடம். கையில் நிறையக் காசு இருந்திருப்பின் பிள்ளை அவ்வூரில் இறங்கியிருப்பாரா? நேரே அண்ணாமலைக்கன்றோ சென்றிருப்பார்! காசின் குறைவே சம்பந்தர் நின்ற இடத்தில் அவரையும் நிறுத்திற்று.

அன்றிரவு கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில், மேளக்காரர் ஒருவர் தம் பங்குப் பிரசாதத்தை அவருக்கு ஈந்தார். மறுநாள் காதிலிருந்த கடுக்கன்களை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். அடகுச் சீட்டையோ கிழித்தெறிந்தார். மீட்கத் திரும்பி வருவோர்க்கன்றோ சீட்டு வேண்டும்! செப்டம்பர் 1ஆம் நாள் காலை திருக்கோவலூரில் வண்டியேறித் திருவண்ணாமலை சேர்ந்து, நேரே திருக்கோயிலுள் புகுந்தார். 1950 ஏப்ரல் 14இல் சமாதியடையும் வரை அம்மலையை விட்டு அகன்றிலர்.

இன்று நம் ஊரிலிருந்தே இரயில் ஏறலாம். பௌர்ணமிதோறும் சிறப்புப் பேருந்துகளும் அடிவாரத்துக்கு ஓடுகின்றன. வழி எளிதாயிற்று, நன்றே. ஆயினும் இறங்கியதும் ஓட்டமாய்ப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி, விடியுமுன் திரும்பும் வண்டியைத் தேடுகிறோம். ஒருமுறையேனும் அறகண்டநல்லூர் என இன்று வழங்கும் அத்தலத்தில் இறங்குங்கள். பாறைமேல் நின்று மலையைச் சேய்மையிலிருந்தே தொழுங்கள். மலையடி வரை வண்டி கொண்டு சேர்க்கும். மலையின்பால் நெஞ்சைச் செலுத்துதல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.