முஸாபிருக்கு உணவிடம் காட்டுதல்

புதிதாக வந்திறங்கிய நகரில் எங்கே உண்பது என்னும் வினா மிகப் பழமையானது. திருமறையின் 18-ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் கஹ்ஃபிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. குகைவாசிகளாகிய அவ்விளைஞர்கள் நெடுந்துயில் நீங்கி எழுந்ததும் பசியை உணர்ந்தனர். தங்களுள் ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து, நகருக்குச் சென்று தூய்மை மிக்க உணவு எவரிடம் உள்ளதெனப் பார்த்து வாங்கிவரச் சொன்னார்கள். அது அவர்கள் பிறந்து வளர்ந்த நகரம்தான். ஆனால் 309 ஆண்டுகள் கழிந்திருந்தமையால், அவர்கள் அறியாமலே அது அந்நிய நகராகிவிட்டிருந்தது.

அவ்வசனத்தில் வரும் ‘அஸ்கா’ என்னும் சொல்லுக்கு இமாம் பைளாவீ (ரஹ்) இரு வகையாகப் பொருள் தருகிறார். மிக ஹலாலானதும் நல்லதும் என்பது ஒன்று. மிகுதியாகவும் மலிவாகவும் கிடைப்பது என்பது மற்றொன்று. அதற்கு முன்னுள்ள சொல்லை விளக்குகையில், அந்நகர மக்களுள் எவர் என்று கொள்கிறார். எந்த உணவு என்பதோடு, எவர் கையால் வரும் உணவு என்பதும் அங்கே கேள்வியாகிறது. ஊருக்குப் புதியவருக்கு உணவிடம் காட்டுவோர் நினைவிற் கொள்ளவேண்டியவை அனைத்தும் இவ்விளக்கத்தில் அடங்கிவிடுகின்றன. உணவு ஆகுமானதாய் இருக்கவேண்டும். உண்பவரின் பணப்பைக்கு ஏற்றதாய் இருக்கவேண்டும். அதை விற்பவர் நம்பத்தக்கவராய் இருக்கவேண்டும்.

வழி தவறியவருக்கு வழிகாட்டுவதை நம் பெருமானார் (ஸல்) அவர்கள் தருமங்களுள் ஒன்றாக எண்ணினார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமந்தவராகிறார் என்பதும் அவர்கள் அருளிய கருத்தே. அதை அவர்கள் எங்கே வைத்துக் கூறினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். நபிகளாரும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய தோழர்களும் பசியோடு அபுல் ஹைஸம் (ரலி) என்னும் அன்சாரித் தோழரின் இல்லம் சென்றார்கள். அவர் பேரீச்சங்குலையும் இறைச்சியும் அளித்து உபசரித்தார். அவருக்கு ஒரு பணியாளரைத் தேர்ந்து தரவேண்டிய நேரத்தில் அப்பொன்மொழி பிறந்தது. பசித்தவர்களுக்கு உணவளித்த ஒருவரின் வரலாற்றோடு சேர்ந்தே அது நமக்கு வந்திருக்கிறது.

ஆகவே, “அங்கே சாப்பிடலாமா?” என்று ஒருவர் கேட்டால் அதைச் சில்லறைக் கேள்வியாக நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுதல் தகாது. குறை தெரிந்தும் அதை மறைத்து அனுப்பினால் அமானிதம் பாழாகிறது. ஒருவருடைய கடையைக் குறை கூறுவது புறமாகாதா என்று சிலர் தயங்குவர். ஹிஜ்ரி 676-இல், கிறிஸ்தவ ஆண்டு 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்), புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களை ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் வகுத்துள்ளார்கள். ஆலோசனை கேட்டவருக்கு உள்ளதைச் சொல்லி எச்சரிப்பது அவற்றுள் அடங்கும். அதற்கு ஒரு வரம்பும் உண்டு. “அது உமக்கு ஒத்துவராது” என்னும் அளவோடு காரியம் முடியுமானால் அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். குறைகளை அடுக்கிக்கொண்டே போகலாகாது.

முற்கால இஸ்லாமிய நகரங்களில் இப்பொறுப்பு தனிமனிதர் நாவோடு நின்றுவிடவில்லை. சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அறிஞர் ஷைஸரீ அவ்வதிகாரிகளுக்காகவே ‘நிஹாயத்துர் ருத்பா’ என்னும் கைநூலை இயற்றினார். சமையற்காரர்கள் தம் பாத்திரங்களை ஈயும் பூச்சியும் அண்டாமல் மூடிவைக்கவேண்டும் என்று அதில் காண்கிறோம். வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறி இறைச்சியோடும், ஒட்டக இறைச்சியை மாட்டிறைச்சியோடும் கலந்து சமைக்கலாகாது என்றும் உள்ளது. நோயிலிருந்து தேறிவரும் ஒருவர் அறியாமல் அதை உண்டு மீண்டும் படுத்துவிடக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நான்கு இறைச்சியுமே ஹலால்தான். ஆயினும் உண்பவருக்குத் தாம் உண்பது இன்னதென்று தெரியவேண்டும் என்றார்கள். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், பின்னர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புத் தரநிர்ணயச் சட்டமும் வந்தன. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கவலை ஏட்டில் ஏறிவிட்டது.

இனி, நம் தென்னகத்திற்கு வருவோம். 1340-களில் மலபார்க் கரையோரம் பயணம் செய்த இப்னு பதூதா, வழிநெடுக அரைமைலுக்கு ஒரு மரவீடு இருந்ததைக் கூறுகிறார். அதில் வழிப்போக்கர் அமரத் திண்ணைகளும், அருகே ஒரு கிணறும், தண்ணீர் வார்க்க ஒருவரும் இருப்பார்கள். தம் இனத்தவருக்குப் பாத்திரத்தில் தரும் அவர், முஸ்லிம்களுக்குக் கையில் வார்ப்பார். தம் பாத்திரத்தில் ஒரு முஸ்லிம் உண்டுவிட்டால் அதை உடைத்துவிடுவார்கள், அல்லது அவருக்கே கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம் வீடு இல்லாத ஊரில் வந்து சேர்ந்தவருக்கோ, உணவு சமைத்து வாழையிலையில் இட்டுக் குழம்பும் ஊற்றித் தருவார்கள். தீட்டு என்னும் எண்ணம் இருந்தும் பசித்தவரைப் பட்டினி போடவில்லை என்பதை நாம் நீதியோடு குறிக்கவேண்டும்.

அதே பகுதியில் அவர் மற்றொன்றையும் எழுதுகிறார். அவ்வழியில் தங்குமிடந்தோறும் முஸ்லிம் வீடுகள் இருந்தன. முஸ்லிம் பயணிகள் அங்கே இறங்குவார்கள். வேண்டிய பொருள்களை அவ்வீட்டார் விற்று, உணவும் சமைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் இல்லையேல் எந்த முஸ்லிமும் அவ்வழியே பயணம் செய்ய இயலாது என்பது அவர் தீர்ப்பு. உலகம் சுற்றிய அப்பெரும் பயணியின் வழியைத் திறந்து வைத்தவர்கள் பெயர் தெரியாத சில குடும்பத்தார். சோறு சமைத்துக் கொடுத்ததே அவர்கள் செய்த வரலாறு.

உடைந்த பாத்திரம் ஒன்று அவர் நூலில் வேறோர் இடத்திலும் வருகிறது. 1326-ஆம் ஆண்டின் ரமளானில் அவர் டமாஸ்கஸ் அடைந்தார். அங்கே ஒரு தெருவில், அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்கியது. கூட்டம் கூடியது. ஒருவர் அவனிடம் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லி, பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் அழைத்துச் சென்றார். துண்டுகளைக் காட்டியதும் புதுத் தட்டு வாங்கும் பணம் அச்சிறுவனுக்குக் கிடைத்தது. எசமானரின் அடிக்கும் வசைக்கும் அஞ்சி நின்ற பிள்ளையின் மனத்தைத் தேற்றும் அறம் என்று இப்னு பதூதா இதைப் போற்றுகிறார். ஒரு தட்டு தீண்டப்பட்டதால் உடைக்கப்பட்டது. ஒரு தட்டு உடைந்துபோனதால் ஓர் ஏழையின் மானம் காக்கப்பட்டது. உணவிடம் ஒன்றை மதிப்பிட இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

மணிமுத்தாற்றங்கரையில் முதுகுன்றம் என்னும் பழம்பெயரோடு விளங்கும் நம் விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பொம்மையும் அகல்விளக்கும் மின்சார பியூஸ் கட்டையும் இங்குள்ள சூளைகளில் வெந்து பல ஊர்களுக்குப் போகின்றன. பீங்கான் என்னும் சொல்லே பாரசீக மொழியின் ‘பிங்கான்’ என்பதிலிருந்து வந்தது. அரபியர் அதைத்தான் ‘ஃபின்ஜான்’ ஆக்கி, காப்பி அருந்தும் சிறு கிண்ணத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். விருந்தோம்பலோடு இவ்வளவு நெருங்கிய சொல்லைத் தன் தொழிலுக்குப் பெயராகப் பெற்ற ஊரார், விருந்தினர் உண்ணும் பாத்திரத்தைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே.

இவ்வூரிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. மருத்துவத்துக்கும், பாஸ்போர்ட்டுக்கும், வளைகுடா விமானத்துக்கும் நம்மவர்கள் ரயிலேறி, 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அந்த மாநகரில் வெளியூரார் உண்பது என்றுமே எளிதாய் இருந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் ரயில் நிலையங்களிலேயே இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடிதண்ணீர் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தது. உணவு விடுதிகளில் சாதிக்கோர் இருக்கை இருந்த காலமும் உண்டு. 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம் சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் உணவகத்தில் தடுக்கலாகாது என்று பெயர் சொல்லியே விதித்தது. அதன் பின்னும் பெயர்ப்பலகைகள் உடனே மாறிவிடவில்லை. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கையில் நீர் வார்த்த மலபார்க் கிணற்றின் நிழல் அது.

அந்நகரில் வழிப்போக்கருக்கு மேசை விரித்தவர் பலர். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். மவுண்ட் ரோட்டில் 1951-இல் ஏ. எம். புஹாரி தொடங்கிய உணவகம், தமிழ் முஸ்லிம்களின் பிரியாணியை நகரத்தார் அனைவரின் உணவாக்கியதில் பெரும் பங்கு கொண்டது. ‘சிக்கன் 65’ 1965-இல் தம் சமையற்கட்டிலேயே பிறந்தது என்பது அவ்வுணவகத்தாரின் கூற்று. கடல் கடந்தும் இதே வரலாறு நடந்தது. பினாங்குத் தீவில் நம்மவர்கள் தோளில் காவடித் தண்டு சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாக விற்றார்கள். சோற்றுக்கு ‘நாசி’, தண்டுக்கு ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொற்களால் அதற்கு ‘நாசி கண்டார்’ என்று பெயராயிற்று. 1907-இல் தோன்றிய ஹமீதியா உணவகம் இன்றும் அங்கே இயங்குகிறது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மேசையில் உண்கிறார்கள். அந்நிய மண்ணில் நமக்கு அடுப்பு வேண்டும் என்று தொடங்கியவர்கள், முடிவில் எல்லாருக்கும் அடுப்பு மூட்டினார்கள்.

இவ்வரலாற்றை அறிந்தவர் ஊராருக்குச் சொல்லும் யோசனை எப்படி இருக்கவேண்டும்? முதலில், கேட்பவர் யார் என்று பார்க்கவேண்டும். சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையில் நோயாளியோடு பத்து நாள் தங்கப்போகும் ஒரு தாயாருக்கு, திருமண ஜவுளி வாங்கப் போகும் குடும்பத்துக்குச் சொல்லும் உணவகத்தைச் சொல்லலாகாது. அவருக்கு வேண்டியது அருகில், மலிவில், காரம் குறைந்த சோறு. ஹலால் பற்றி ஐயமிருக்கும் இடத்தில் நல்ல சைவ உணவகத்தைக் காட்டுவது கௌரவக் குறைவன்று. பெயர்ப்பலகையின் பிறைக்குறியை மட்டும் பார்த்து ஒன்றைப் புகழ்வதும், நம்மவர் கடையல்ல என்பதற்காகவே தூய்மையான ஒன்றை மறைப்பதும் அமானிதத்திற்கு ஒவ்வா. உறவினர் கடை என்றோ, இலவசத் தேநீர் கிடைக்கும் என்றோ அனுப்புவதைக் கையூட்டு என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, கைலி கட்டி மஞ்சட்பையோடு நுழையும் நம் ஊர்ப் பெரியவரை அங்கே உள்ளவர் எப்படி வரவேற்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். மேசை துடைக்கும் சிறு பணியாளர் ஒரு கிண்ணத்தை உடைத்துவிட்டால் முதலாளியின் நாவிலிருந்து என்ன வருகிறது என்பதையும் கேட்கவேண்டும். டமாஸ்கஸ் நகரத்து வக்ஃபு நமக்குத் தரும் உரைகல் அதுவே.

உணவிடம் காட்டுவதினும் உயர்ந்தது ஒன்றுண்டு. அது தாமே உணவிடமாகிவிடுவது. டமாஸ்கஸில் ரமளான் மாதத்தில் எவரும் தனித்து நோன்பு திறப்பதில்லை என்றும், செல்வர் தம் இல்லத்திலும் எளியோர் பள்ளிவாசலிலும் ஒன்றுகூடித் திறப்பார்கள் என்றும் இப்னு பதூதா எழுதினார். சென்னை திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில், ரமளான் மாலைகளில் நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறும் தொண்டைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர்கள் ‘சூஃபிதார்’ என்னும் அமைப்பினர். அவர்களோ சிந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய இந்துப் பெருமக்களின் வழியினர். அங்கே எவர் கையில் எவர் உண்பது என்னும் பழைய கணக்கு இல்லை. நோன்புக் காலத்தில் சென்னை செல்லும் ஊராருக்கு அவ்வாசலைத் தயங்காமல் காட்டலாம்.

அதே கண்ணோடு நம் ஊரையும் நோக்கவேண்டும். விருத்தாசலம் சந்திப்பில் ரயில் மாறக் காத்திருக்கும் வெளியூரார் நம்மிடமும் அதே வினாவைக் கேட்கிறார்கள். பீங்கான் வாங்க வரும் வணிகரும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கை நீட்டி ஒரு கடையைக் காட்டும்போது, வெள்ளிக் காசோடு நகருக்குள் தயங்கித் தயங்கி நுழைந்த அக்குகைத் தோழரே நம் முன் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். வல்ல நாயன் நம் நாவை மெய்யில் நிறுத்தி, நம் கையை ஈகையில் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.